யானை எங்கே போகிறது என்று கேட்டவனுக்கு

காலையிலிருந்து வீடு முழுக்கத் தேன்மெழுகு வாசனை. சிவகாமி பழைய அலுமினியக் குண்டானில் மெழுகை உருக்கிக்கொண்டிருக்கிறாள். மழை விட்டு வெயில் திரும்பியதும் நீ செய்த கல்லுக்கு மெழுகு பூச வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போனதை அவள் வேதவாக்காக வைத்திருக்கிறாள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து தேன் கொண்டுவருகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி மெழுகு வாங்கி வைத்துவிடுகிறாள்.

"நான் செஞ்ச கல்லுக்கு என்னிக்காவது இப்படிப் பண்ணியிருக்கியாடி?" என்று கேட்டேன்.

"உங்க யானைங்கதான் செஞ்ச கையோட வித்துப் போயிடுதே. வேணும்னா வாங்கினவங்க வூட்டுக்குப் போய்ப் பூசிட்டு வரட்டா?"

வெளியே வந்து உட்கார்ந்தேன். வாசனை அங்கேயும் வந்தது. நீ செத்த பிறகும் என் வீட்டு அடுப்பில் உன் வேலை நடக்கிறது. கட்டினவள் அதற்கு விறகு தள்ளுகிறாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் யாரையாவது பிடித்து உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாய். இப்போது அந்தக் கவலையும் இல்லை.

சங்கதி இதுதான். ஓசூரில் புதிதாக ஓட்டல் கட்டுகிற ஒருவர் போன வாரம் கனி பாயின் கிரானைட் யார்டுக்கு வந்தார். தரைக்குக் கல் பார்க்க வந்தவர், கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உன் கல் பெண்ணைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார். எல்லோரையும் போலவே கையைக் கொண்டுபோய் அவள் கன்னத்தில் வைத்தார். அப்புறம், "இதே மாதிரி ரெண்டு வேணும், வாசலுக்கு ரெண்டு பக்கமும்" என்றார். பாய் என் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம முருகேசன் பண்ணிடுவாரு சார்." அதற்கு அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "தாராளமா பண்ணட்டும். அடியில அவரு பேரையே போட்டுக்கட்டும்."

பேர். யானை செய்ய ஆரம்பித்த நாளிலிருந்து நான் வாய் திறந்து கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான். என் பேர் வெட்டிய ஒரு கல், நாலு பேர் வந்துபோகிற ஒரு வாசலில். என் கை அதைச் செய்துவிடும், அது உனக்கும் தெரியும். ஆனால் பேர் என்னுடையதாக இருக்கும், கல் உன்னுடையதாக இருக்கும். முடியாது என்று சொன்னால் மறுபடியும் நடைபாதைப் பலகைக்குத் தீ அடிக்கிற முருகேசன்தான். நாளைக்கு அவர் பதில் கேட்க வருகிறார். என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. அதற்கும் உன்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது பார், அது இன்னொரு எரிச்சல்.

நீ வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை. கனி பாய் கறுப்பு கிரானைட் வாங்க ஜிம்பாப்வேக்குப் போனார். போன வேலையைப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். ரோட்டோரத்தில் சிற்பங்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்த அந்த ஊர் ஷோனா ஜனத்துச் சிற்பிகளில் உன்னைப் பார்த்து மயங்கிவிட்டார். யார்டில் உடைந்து மிஞ்சுகிற கல்லையெல்லாம் இந்த ஆளிடம் கொடுத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று ஒரு யோசனை அவருக்கு. நான் அவருடைய யார்டிலேயே, அவர் ரூம் ஜன்னலுக்கு நேர் எதிரிலேயே அதே மிஞ்சின கல்லில் யானை செய்துகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வரவில்லை. கடல் தாண்டிப் போன பிறகுதான் வந்தது.

அப்போது பர்கூர் வட்டாரத்தில் யானை என்றால் முருகேசன். பகலில் பாயிடம் ஃப்ளேம் அடிக்கிற வேலை. பாலிஷ் போட்டால் வழுக்கிவிடும் இடங்களுக்கு, ரயில்வே பிளாட்பாரம், படிக்கட்டு, நீச்சல்குளத்து ஓரம், இதற்கெல்லாம் போகிற கிரானைட் பலகைமேல் கேஸ் டார்ச்சால் தீயை ஓட்டுவோம். மேல்தோல் பொரிந்து தெறித்துச் சொரசொரப்பாகிவிடும். அது சோற்றுக்கு. சாயங்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யானை. பெங்களூர்க்காரர்கள் பண்ணை வீட்டுக்கு வாங்கிப் போவார்கள். தும்பிக்கை தூக்கியது, பந்து வைத்தது, குட்டியோடு நிற்பது, எது கேட்டாலும் உண்டு.

நீ ஒரு சாக்கில் உளிகளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, பாய் உன்னை என் யானைக்கு முன்னால்தான் கொண்டுவந்து நிறுத்தினார். தும்பிக்கை தூக்கிய யானை, கண்ணாடி மாதிரி பாலிஷ். நீ அதன் முதுகைத் தடவினாய். குனிந்து வயிற்றுக்கு அடியில் கையை விட்டாய். வால்வரைக்கும் போய்த் திரும்பி வந்தாய். பாராட்டப்போகிறாய் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ பாயிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாய்.

பாய் மென்று விழுங்கினார். "யானை எங்க போவுதுன்னு கேக்கறாருப்பா."

யார்டே சிரித்தது. "எங்கயும் போவாது, கிரானைட்டு. கிரேன் வச்சுத்தான் தூக்கணும்னு சொல்லுங்க பாய்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்கவில்லை. ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாய். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு. என்ன கேள்வி அது? கல் யானை எங்கேயாவது போகுமா? ஆனால் அதற்கப்புறம் ஒரு யானையைக்கூட நிம்மதியாக முடிக்க முடியவில்லை. தும்பிக்கையைத் தூக்கும்போதெல்லாம் அந்த எழவு கேள்வி வந்து பக்கத்தில் நிற்கும்.

தமிழை நீ பிடித்த வேகமும் எனக்குப் பிடிக்கவில்லை. யார்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம், லோடு ஏற்றுகிற ஒடிசாக்காரர்களின் இந்தி எல்லாம் ஒரே தட்டில் பிசைந்த சோறுதான். நீ அதை அப்படியே அள்ளிப் போட்டுக்கொண்டாய். அடுத்த பொங்கலுக்குள் "இன்னாண்ணா, சாப்ட்டியா, ஊட்டா ஆய்த்தா" என்று லாரிக்காரர்களை ஆளுக்கொரு பாஷையில் விசாரித்துக்கொண்டிருந்தாய். நான் பிறந்து வளர்ந்த ஊர், எனக்கு இன்னும் ஓசூர்க் கடையில் கன்னடம் திக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாய் சொன்னாரே என்று உன்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தேன். சிவகாமி ஆட்டுக்கறி எடுத்து, நல்லதாகப் பொறுக்கி இருதயத் துண்டை உன் தட்டில் வைத்தாள். நீ அதைத் தொடாமல் ஓரமாக ஒதுக்கினாய். அவள் முகம் விழுந்துவிட்டது. நீ பதறிப்போய், நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, அவளுக்குப் புரியவைக்கப் படாதபாடு பட்டாய். உங்கள் ஜனத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு உயிர் காவல். சிலருக்குச் சிங்கம், சிலருக்குக் குரங்கு. உன் குலத்துக்கு இருதயம், 'மோயோ'. எந்த உயிருடைய இருதயத்தையும் உன் ஆட்கள் வாயில் வைக்க மாட்டார்கள்.

"அட, எங்க கொலசாமிக்கு நேந்துவுட்ட மாதிரிதான். இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா தம்பி?" என்று அவள் ஈரலை அள்ளி வைத்தாள். நீ சாப்பிட்டுவிட்டு, "அக்கா கைல மந்திரம் இருக்குது" என்றாய். இத்தனை வருஷம் தின்ற எனக்கு அந்த வாக்கியம் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவள் கட்டுகிற மதியச் சோற்றில் உனக்கு ஒரு பாத்திரம் தனியாக வந்தது. என் பாத்திரத்தைவிட அது பெரியது, நான் அளந்து பார்க்கவில்லை, ஆனால் பெரியது.

உன் வேலையைப் பார்த்தால் வேலை மாதிரியே இருக்காது. கல்லைக் கொண்டுவந்து போட்டால் முதலில் அதன்மேல் ஏறி உட்காருவாய். அதன்மேலேயே சாப்பிடுவாய், போன் பேசுவாய், கடப்பாரை போட்டுப் புரட்டி மறுபடியும் உட்காருவாய். பாய் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பல்லைக் கடிப்பார், எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அப்புறம் திடீரென்று ஒரு நாள் சுத்தியல் கட்டையால் கல்லைத் தட்டி, "கோகோகோய்" என்பாய். உங்கள் ஊரில் அடுத்த வீட்டு வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கூப்பிடுகிற சத்தம் அது. யார்டுப் பையன்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கக்கூஸ் கதவைக்கூட கோகோகோய் சொல்லித்தான் தட்டினார்கள்.

"கல்லுக்குள்ள யார்றா இருக்காங்க உனக்குப் பதில் சொல்ல?" என்று கேட்டேன்.

"தெரிலண்ணா. யார் வூடா இருந்தாலும் தட்டிட்டுதானே உள்ள போவணும்?"

இந்த மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு டீ குடிக்கப் போய்விடுவாய். நான் அதை மென்றுகொண்டு கிடப்பேன்.

உன்மேல் நிஜமாகவே வயிறு எரிந்தது, அந்தக் கறுப்பு பிளாக் வந்த நாளில். துறைமுகத்திலிருந்து டிரெய்லரில் வந்த உங்கள் நாட்டுக் கல். கிரேன் இறக்கி வைத்ததும் நீ போய் விரலை எச்சில் பண்ணி அதன்மேல் தேய்த்துப் பார்த்தாய். பாயிடம் எந்தக் குவாரி என்று கேட்டாய். முட்டோக்கோ என்றார். நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய். உன் அம்மா ஊர் அது.

அன்றைக்குத்தான் உன் கதையைச் சொன்னாய். அப்பா ஞாபகமே இல்லை. அம்மாவும் அக்காவும் நீயும் முட்டோக்கோ மலைக்குக் கீழே. அக்கா ஆளானதும் உன்னை வடக்கே தாய்மாமனிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் மெத்தென்ற பச்சைக் கல்லில் சிற்பம் செய்கிறவர். அவர் செய்ததை ஈரத்தில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ப்பது உன் வேலை. தேய்த்துத் தேய்த்து ஒரு நாள் அவர் செய்த கிழவியின் மூக்கையே கரைத்துவிட்டாயாம். "மாமா அடிக்கலண்ணா. இப்பதான் அவளுக்கு வயசாச்சுன்னாரு." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். பிறகு பிளாக்கைக் காட்டிச் சொன்னாய்: "இந்த மல எங்கம்மா வூட்டு வாசல்ல இருந்து பாத்தா தெரியும். ஊருக்குப் போன் பண்ணா இப்ப மல இல்லன்றாங்க. இங்க வந்து பாத்தா இருக்குது."

என் ஊர் மலையும்தான் போனது. பர்கூரைச் சுற்றி எத்தனை குன்றைப் பலகையாக அறுத்து அனுப்பியிருக்கிறோம், நானே தீ அடித்து அனுப்பியிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. உனக்கானால் உன் மலை கப்பலேறி உன்னைத் தேடிக்கொண்டு வருகிறது. அறுத்து மிஞ்சிய ஓரக் கல்லைப் பாய் உனக்கே கொடுத்துவிட்டார். பாதியை நீ எடுத்துக்கொண்டாய். மீதிப் பாதியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் புரட்டிப் போட்டு, "இது உங்களுக்குண்ணா" என்றாய். எனக்கு வேண்டாம் என்றேன். அது அங்கேயே கிடந்தது.

நீ எடுத்துக்கொண்ட பாதியில் ஒரு சீசன் முழுக்க உழைத்தாய். கிரைண்டர் பிடிக்க உனக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன், உளிக்கு விட்டுக்கொடுக்கிற மெத்தென்ற கல்லிலேயே பழகிய கை உன்னுடையது. உட்கார்ந்திருக்கிற ஒரு பெண். தலையில் துணி, மடியில் கைகள். நெஞ்சில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு, மலையிலிருந்து வந்த மேல்தோலை அப்படியே விட்டிருந்தாய். உளி படவில்லை, கிரைண்டர் படவில்லை. "இங்க ஏண்டா உட்டுட்ட? பாலிஷ்காரன் பாத்தா ரிஜெக்ட்னு ஒதுக்கிடுவான்" என்றேன். "அது எங்க குலம்ணா. அந்த எடத்த நான் தொட மாட்டேன்" என்றாய். மற்ற இடமெல்லாம் பளபளவென்று பாலிஷ் ஏறியது. தள்ளி நின்று பார்த்தேன். சுமார்தான். ஏதோ ஓட்டல் ரிசப்ஷனில் வைக்கிற பொம்மை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

அப்புறம்தான் அந்தக் கூத்து. உங்கள் ஊரில் சிற்பம் முடிந்ததும் அதைச் சுற்றித் தீ மூட்டிச் சூடேற்றி, சூட்டோடு மெழுகைத் தேய்ப்பீர்களாம். கல் மெழுகைக் குடித்து நிறம் காட்டுமாம். நீ என் டார்ச்சை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே போனாய். நான் யார்டின் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தேன்.

"டேய், டேய், வேணாண்டா! இது கிரானைட்டுடா, தெறிச்சிடும்!"

"கொஞ்சமாத்தாண்ணா, சூடு மட்டும்."

"சொன்னா கேளுடா!"

"இது எங்க ஊரு மலண்ணா. எனக்குத் தெரியாதா?"

உங்கள் ஊர் மலைதான். ஆனால் அந்தக் கறுப்பை உங்கள் ஊரில் யாரும் செதுக்கியதே இல்லை, அறுத்து அனுப்பியதோடு சரி. நீ பழகியது மாமன் வீட்டுப் பச்சைக் கல். பட் பட்டென்று பொரிந்தது. நெற்றியிலிருந்து இடது கன்னம் முழுக்கச் செதில் செதிலாகப் பறந்தது. கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்த முகம் பாதி சாம்பல் பூத்துப்போனது. மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள். பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். நானும் மூஞ்சியைச் சோகமாக வைத்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் உள்ளே ஒரு துள்ளல் துள்ளியது. படட்டும், நான் சொன்னேனில்லையா!

நீ டார்ச்சை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாய். டீ வந்தது, குடித்தாய். எல்லோரும் கலைந்து போனார்கள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, கேஸ இன்னும் கொஞ்சம் தெறங்க" என்றாய். திறந்தேன். என் கையால் நானே திறந்தேன். தலைத்துணி, தோள், முதுகு என்று நீ தீயை ஓட்டிக்கொண்டே போனாய். வலது கன்னத்தையும் மடியில் இருந்த கைகளையும் நெஞ்சையும் மட்டும் விட்டாய். கல் பாதி ஆறியதும், சொரசொரப்பில் மெழுகைத் தேய்த்தாய்.

கல்லில் மழை வந்துவிட்டது. எப்படிச் சொல்வது? அந்தப் பெண்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. சாரலுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, நனையாத ஒரு கன்னத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் எத்தனையோ வருஷமாக எத்தனை ஊர் பிளாட்பாரத்துக்கு அந்தத் தீயை அடித்திருப்பேன்! ஒரு நாள், ஒரு பலகையில், எனக்கு மழை தெரிந்ததில்லை. டார்ச் என்னுடையது. தெறிக்கும் என்று கத்தியது நான். கேஸைத் திறந்த கை என் கை. கல் உன்னுடையதாகிவிட்டது. ஒருவனுடைய திறமையைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் ஒரு நியாயம் உண்டு. உன் தப்பைப் பார்த்துப் பொறாமைப்பட வைத்தாயே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

மதியம் சோறு கொண்டுவந்த சிவகாமி கல்லைப் பார்த்ததும் தூக்குவாளியை என் காலில் வைத்துவிட்டாள். "ஏங்க, இது நான்தானே? மழ வந்தா காயவச்ச மொளகா அள்ள ஓடறப்ப இப்படித்தான மூஞ்சியத் திருப்பிக்குவேன்?" யார்டு கூட்டுகிற அம்மாவும் வந்து பார்த்துவிட்டுத் தன்னைத்தான் செய்திருப்பதாகச் சொன்னாள். நான் உன்னைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டேன், உண்மையைச் சொல், யார் இவள்? "மழைல எல்லாப் பொம்பளையும் அப்படித்தாண்ணா திரும்பறாங்க" என்றாய். நான் செய்த அத்தனை யானையில் ஒன்றைப் பார்த்தாவது ஒருத்தர் இது நான்தான் என்று சொல்லியிருப்பார்களா? யானையைப் பார்த்து யார் சொல்வார்கள், அது வேறு விஷயம்.

நீயும் என்மேல் பொறாமைப்பட்டாய். மறக்கவில்லை. ஒரு சாயங்காலம் நான் வண்டியை உதைக்கும்போது, "உங்களுக்கு இன்னாண்ணா, பொழுது சாஞ்சா வண்டி எடுத்துக்கினு வூட்டுக்குப் போறீங்க. உங்கள பாத்தா வயிறு எரியுது" என்றாய். அதை எங்கே கற்றாயோ, சரியாகச் சொன்னாய். ஆனால் உனக்கு எரிந்தது என் ஓட்டை வண்டியைப் பார்த்து, வீட்டைப் பார்த்து. என் கல்லைப் பார்த்து ஒரு நாளும் எரியவில்லை.

அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போனாய். ஒரு மாதத்தில் வருகிறேன் என்றாய். அம்மா பிழைத்துக்கொண்டார், நீ காய்ச்சலில் போய்விட்டாய். பாயின் போனுக்குக் குரல் செய்தியாக வந்தது. பாய் அதை ஸ்பீக்கரில் போட்டார். எங்களுக்குப் பாஷை புரியவில்லை, அழுகை புரிந்தது. அன்றைக்கு நான் டார்ச்சைப் பற்றவைக்கவில்லை. சிவகாமி உன் பாத்திரத்தைக் கழுவிக் கழுவி வைத்தாள். முகம்கூடக் காட்டாமல், சண்டை போட எனக்கு ஆள் இல்லாமல் பண்ணிவிட்டுப் போய்விட்டாய்.

வருஷம் திரும்பியதும் உன் அக்கா வீடியோவில் கூப்பிட்டார். செத்தவரின் ஆவியை வீட்டுக்குத் திரும்ப அழைக்கிற சடங்கு வைத்திருக்கிறார்களாம். ஊரே கூடியிருந்தது, பின்னால் மேளம். தம்பியுடையது ஏதாவது உங்கள் ஊரில் தங்கிவிட்டதா, அதையும் பார்த்துக் கும்பிட்டுக் கூப்பிட வேண்டும் என்று பாயிடம் கேட்டிருக்கிறார். நான்தான் போனை வாங்கிக்கொண்டு போய் கல்லைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "அது நான்" என்றார். பாய் மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. போனை அந்தக் கல் பெண்ணின் நெஞ்சுக்குப் பக்கத்தில், உளி படாத இடத்துக்குக் கொண்டுபோனேன். உன் அக்கா இரண்டு உள்ளங்கையையும் குவித்து, உங்கள் ஊர்க் கும்பிடாக, மெதுவாகத் தட்டினார். பின்னால் நின்றவர்களும் தட்டினார்கள். ஒரு கல்லுக்கு! போனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் நானும் தொடையில் தட்டினேன், அதிலும் எரிச்சல் கலந்திருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, மூக்கண்டப்பள்ளியில் இருக்கிற மகள் வீட்டுக்கு விடிகாலை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சானமாவுக் காட்டுப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரி, கம்பெனி வேன், எல்லாம் வரிசையாக நின்றன. ராகி முற்றிய காலம். ரோட்டோரத்தில் ஒற்றை யானை. அந்தப் பக்கம் போக வேண்டும், நடுவில் தடுப்புச் சுவர். ஒரு முன்காலைத் தூக்கி, வைக்காமல் அப்படியே நின்றது. அதன் முதுகெல்லாம் காய்ந்த சேறு. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. பஸ்ஸில் ஒருவர், "ராகிக்குப் போவுதுப்பா" என்றார்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். எங்கே போகுது! இந்த ஊர்க்காரன் நான். பனிக்காலம் வந்தால் யானை எந்தக் காட்டிலிருந்து எந்த வயலுக்குப் போகும் என்று இங்கே டீக்கடையில் கேட்டாலே சொல்வார்கள். அவ்வளவையும் வைத்துக்கொண்டு, நான் வாழ்நாள் முழுக்கத் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்கிற யானைகளைச் செய்திருக்கிறேன்.

தொட்டி ஓரத்தில் நீ எனக்கென்று போட்ட பாதிக் கல்மேல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். யாரும் பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சுத்தியல் கட்டையால் தட்டி, "கோகோகோய்" என்று சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. முடிக்க ரொம்ப நாளானது. சேறு படிந்த முதுகுக்குத் தீ அடித்தேன். இதற்கு மட்டும் உன்னிடம் அனுமதி கேட்க மாட்டேன், டார்ச் என்னுடையது. முடித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். உன் பெண் அங்கே கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் கண்ணில் காட்டுவது?

நேற்று இதோடு நிறுத்தினேன். இன்று காலை அந்த ஓட்டல்காரர் வந்தார்.

நேராக உன் பெண்ணிடம்தான் போனார். சிவகாமி நேற்று வெயிலில் பூசிய மெழுகில் அவள் இப்போதுதான் நனைந்த மாதிரி இருந்தாள். கன்னத்தில் கையை வைத்தார். நான் சரி சொல்லிவிடுவது என்றுதான் போயிருந்தேன். ஆமாம், ராத்திரி முழுக்க யோசித்து அதைத்தான் முடிவு செய்திருந்தேன். பேர் வேண்டும் எனக்கு, போதும் இந்த ரோஷம் என்று.

"ஒரே ஒரு கரெக்ஷன்" என்றார் அவர். அவள் நெஞ்சைக் காட்டினார். "இந்த எடம் ஏதோ முடிக்காம உட்ட மாதிரி இருக்குது. நம்ம ரெண்டுலயும் இங்க பாலிஷ் போட்டுடுங்க."

"அது முடியாது சார்" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது.

"ஏங்க, பாலிஷ்தானே?"

"அது அவங்க குலம் சார். அத அவனே தொடல. நான் தொட மாட்டேன்." பாய் கண்ணைக் காட்டினார், நான் பார்க்கவில்லை. "இதப் பண்ணவன் செத்துட்டான். இது மாதிரி இன்னொன்னு கெடையாது. நான் பண்ணா பொம்மதான் வரும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. போய்விட்டது என் வாசல், என் பேர். உனக்காக விட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அவ்வளவு நல்லவன் இல்லை நான். விட்ட உடனேயே உன்மேல்தான் கோபம் வந்தது.

அவர் கார் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. போனில் யாரிடமோ பேசிக்கொண்டே பலகைகளுக்கு நடுவில் நடந்தார். நான் பின்னால் போனேன். தொட்டி ஓரம் திரும்பியவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு அடி விலகி, பலகையோடு பலகையாக ஒட்டிக்கொண்டார். வழி விட்டார்.

தார்ப்பாயைக் காணோம். என் யானை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. முதுகில் மெழுகு ஏறி, சேறு ஈரமாக இருந்தது. சிவகாமியின் வேலை. போனில் கேட்டால், "மெழுகு மிச்சம் இருந்துச்சு. தூக்கியா போடறது?" என்கிறாள்.

ஓட்டல்காரர் தானே சிரித்துக்கொண்டு சட்டையைத் தட்டிவிட்டார். இப்போது பாயும் அவரும் ரூமில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாங்குவாரோ மாட்டாரோ, தெரியாது. அவர் அந்தப் பலகையோடு ஒட்டிக்கொண்ட நிமிஷத்தில் நான் அவரைப் பார்க்கவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நீ டீ குடிக்க உட்காருகிற இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். உன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க.

இவ்வளவு நாளும் பேருக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. ஒரே ஒரு தடவை, என் வண்டியைப் பார்த்து இல்லை, என் கல்லைப் பார்த்து உனக்கு வயிறு எரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த யானையைச் செய்தேன். அது எங்கே போகிறது என்று இப்போது கேள், சொல்கிறேன். கேட்க ஆள் இல்லாமல் போய்விட்டாயேடா, பாவி.